எஃப்-1 மாணவர் விசா இன்னும் 4 வருஷம் இருக்கிறது, செமஸ்டர் நடுவில் ஒரு பாடத்தை விட்டால் என்ன ஆகும்?

கேட்டவர் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முதல் செமஸ்டரில் இருக்கிறார். மூன்று பாடம் எடுத்ததில் ஒன்றில் தேறுவது சந்தேகம். விசாவில்தான் நிறைய காலம் பாக்கி இருக்கிறதே, அதை விட்டுவிட்டு அந்த நேரத்தில் வெளியே பகுதிநேர வேலை பார்க்கலாமா என்பது கேள்வி.

இன்றைக்கு ராத்திரி கல்லூரிப் போர்ட்டலில் கை வைக்காதீர்கள். நாளைக் காலையில் உங்கள் டி.எஸ்.ஓ.வை, அதாவது கல்லூரியில் சர்வதேச மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, விமான நிலையத்தில் உள்ளே விடச் சொல்லிக் காட்டுவதற்கு. அதிலுள்ள தேதி, எதுவரை அப்படி வந்து நிற்கலாம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே வந்த பிறகு உங்களைத் தாங்கிப் பிடிப்பது ஸ்டேட்டஸ், அதாவது மாணவராக இங்கே தங்கியிருக்கும் சட்டப்படியான தகுதி. விசா காலாவதியாகியும் ஸ்டேட்டஸ் ஒழுங்காக இருக்கிற மாணவர்கள் ஏராளம், ஊருக்குப் போனால் திரும்பி வர மட்டும் புது விசா வேண்டும். விசாவில் 4 வருஷம் பாக்கி இருந்தும் ஸ்டேட்டஸ் போனவர்களும் இருக்கிறார்கள். அந்த ஸ்டேட்டஸ் இருப்பது செவிஸ் என்ற அரசாங்கக் கணினிப் பதிவில். நீங்கள் முழுநேரம் படிக்கிறீர்களா என்று கல்லூரி ஒவ்வொரு செமஸ்டரும் அதில் பதிய வேண்டும். டி.எஸ்.ஓ. என்பவர் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அந்தப் பதிவைத் தொட அனுமதி பெற்றவர்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்த விதம் அவ்வளவு பெருமைப்படக்கூடியது அல்ல. இரண்டாவது செமஸ்டர், அல்காரிதம் மிட்டெர்மில் நூற்றுக்கு 31. ராத்திரி ஒன்றரை மணிக்குப் போர்ட்டலைத் திறந்து அந்தப் பாடத்துக்கு எதிரே இருந்த டிராப் பொத்தானை அமுக்கினேன். நிச்சயமா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்டது. நிச்சயம் என்றேன். விசாவைப் பற்றி அந்தப் பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. என் பாடச்சுமை 9 கிரெடிட்டிலிருந்து 6 ஆனது, நானும் பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அறைத்தோழன்தான் கேட்டான், "டேய், டி.எஸ்.ஓ. கிட்ட சொல்லிட்டுத்தானே பண்ணினே?" பல் தேய்த்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருந்த டி.எஸ்.ஓ. அம்மா ஏன் டிராப் செய்தாய் என்று கேட்கவில்லை. எப்போது செய்தாய் என்றுதான் கேட்டார். நேற்று ராத்திரி என்றதும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார். பேராசிரியர், துறைத் தலைவர், பதிவாளர் அலுவலகம் என்று மூன்று கையெழுத்துக்காக அன்றைக்கு மாலைவரை ஓடினேன். ஐந்து மணிக்குள் பாடம் திரும்ப என் பெயரில் ஏறிவிட்டது. எப்படியோ தேறியும்விட்டேன்.

அந்த அம்மா அப்புறம் சொன்னதுதான் உங்களுக்கு உபயோகம். முன்கூட்டியே கேட்டால் பாடச்சுமையைக் குறைக்க வழி உண்டு, நீங்களாகக் குறைத்துவிட்டு வந்து சொன்னால் அது மீறல். பாடம் ஒன்றுதான், எது முதலில் நடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த வழிக்குக் காரணங்கள் குறிப்பிட்டவை. வந்த புதிதில் ஆங்கிலமோ, படிக்க வேண்டிய அளவோ திணறடிப்பது, இங்கே பாடம் நடத்தும் முறை பிடிபடாதது, தகுதிக்கு மீறிய நிலைப் பாடத்தில் சேர்த்துவிட்டது, இவை ஒருவகை. இந்த வகை அனுமதி ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு ஒரு தடவைதான். அப்போதும் முழுச் சுமையில் பாதியாவது படித்தாக வேண்டும், அடுத்த செமஸ்டரில் முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் மருத்துவர் கடிதம் வேண்டும், அது மொத்தமாக 12 மாதம்வரை கிடைக்கும். கடைசி செமஸ்டரில் மிச்சமிருக்கும் பாடத்தை மட்டும் எடுக்கவும் அனுமதி வாங்கலாம். மார்க் குறையும் என்ற பயம் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் முதல் செமஸ்டர் என்பதால் உங்கள் நிலைமை என்னுடையதைவிட மேல், முதல் வகையில் பொருந்தக்கூடும்.

அதற்குப் பதிலாக ஒரு ஆன்லைன் பாடம் எடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட்தான் சேரும். இளங்கலைக்கு முழுநேரம் என்பது 12 கிரெடிட், மாஸ்டர்ஸுக்குக் கல்லூரியே முடிவு செய்யும். எங்களுக்கு 9.

சரி, வேலை. வளாகத்துக்கு வெளியே கூடாது. இதில் நான் வளவளக்க விரும்பவில்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாட விஷயத்தில் ஸ்டேட்டஸ் போனால் ஐ-539 படிவம் போட்டு மீட்கக் கேட்கலாம். பொதுவாக 5 மாதத்துக்குள் கேட்க வேண்டும், காரணம் பெரும்பாலும் நம் கையை மீறியதாக இருக்க வேண்டும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் கதவு இருக்கிறது. அனுமதியில்லாமல் வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவும் இல்லை. கையில் ரொக்கமாகத் தருவார்கள், யாருக்கும் தெரியாது என்று சொல்கிறவர்களும், நண்பர் பெயரில் உணவு டெலிவரி ஓட்டச் சொல்கிறவர்களும் உங்கள் ஐ-20க்கு, அதாவது மாணவர் ஸ்டேட்டஸுக்காகக் கல்லூரி தரும் படிவத்துக்கு, பொறுப்பேற்க வரமாட்டார்கள். வளாகத்துக்குள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை பார்க்கலாம், இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டி 20. நூலகமோ கேன்டீனோ கேட்டுப் பாருங்கள். படிப்போடு சேர்ந்து வெளி நிறுவனத்தில் பார்க்கும் சி.பி.டி. பயிற்சிக்குப் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிய வேண்டும், முதல் செமஸ்டரில் அதை நினைக்க வேண்டாம்.

மற்றவை சில்லறைதான், ஆனால் சில்லறையில்தான் பலர் மாட்டுகிறார்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் கல்லூரிக்குப் புது முகவரி தர வேண்டும், அடுத்த தெருவுக்கு மாறினாலும் சரி. ஐ-20ல் இருக்கும் முடிவுத் தேதிக்குள் படிப்பு முடியாது என்று தோன்றினால் தேதி கடப்பதற்கு முன்பே நீட்டிப்பு கேட்க வேண்டும். ஊருக்குப் போகுமுன் ஐ-20 இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து ஒரு வருஷத்துக்குள் வாங்கியதா என்று பாருங்கள். விமான டிக்கெட் போட்டபின் அதைப் பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

நாளைக்கு டி.எஸ்.ஓ.விடம் பேசுவதோடு ஒரு மெயிலும் போட்டுவிடுங்கள். எத்தனை கிரெடிட் எடுத்திருக்கிறீர்கள், எதை விட நினைக்கிறீர்கள், வகுப்பில் எது பிடிபடவில்லை என்று நாலு வரியில் எழுதுங்கள். மழுப்பாமல் எழுதினால் அவர்களுக்கும் எந்த வகையில் பொருந்தும் என்று பார்க்க வசதி. செவிஸில் அனுமதி பதிந்தாயிற்று என்று பதில் வந்த பிறகு டிராப் செய்யுங்கள். அதுவரை அந்த வகுப்புக்குப் போய்க்கொண்டே இருங்கள், வீட்டுப்பாடம் உட்பட.