பதில்: 'ஸ்ட்ராங் ரெயின்' ஏன் தப்பு?

தக்கலை நண்பருக்கு, கட்டுரையில் 'ஸ்ட்ராங் விண்ட் அண்ட் ரெயின்' எழுதியதில் ரெயினை மட்டும் மகளின் டீச்சர் வட்டம் போட்டார் என்கிறீர்கள். டீச்சர் செய்தது சரிதான்.

சிக்கல் நம்ம 'பலத்த'வில் இருக்கிறது. தமிழில் அது எதோடும் ஒட்டும். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு சொல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்று ஸ்ட்ராங் விண்ட். மழை ஹெவி ரெயின். பலத்த காயம் சீரியஸ் இஞ்சுரி, பலத்த பாதுகாப்பு டைட் செக்யூரிட்டி, பலத்த கைதட்டல் லௌட் அப்ளாஸ். கடல் நீரோட்டத்துக்கு மறுபடி ஸ்ட்ராங் கரண்ட். அதனால் 'பலத்த'வை மொழிபெயர்க்காமல், பெயர்ச்சொல்லோடு சேர்த்து ஜோடியாகவே எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

எதிர்ச்சொல்லையும் கூடவே எழுத வேண்டும், அதுவும் மாறும். கடுப்பமான சாயா ஸ்ட்ராங் டீ, தண்ணிச் சாயா வீக் டீ. ஆனால் மெல்லிய காற்று 'வீக் விண்ட்' இல்லை, லைட் விண்ட். கருவாட்டு வாடை ஸ்ட்ராங் ஸ்மெல், லேசாக வந்தால் ஃபெயின்ட் ஸ்மெல்.

இறைச்சி மெல்ல முடியாமல் கிடந்தால் ஸ்ட்ராங் மீட் என்று எழுதிவிடக் கூடாது, டஃப் மீட்.

பேப்பரிலும் சினிமாவிலும் வரும் இரண்டு இடங்களில் பெரியவர்களே தடுமாறுவார்கள். '40-ஸ்ட்ராங் டீம்' என்றால் பலசாலிகள் இல்லை, நாற்பது பேர் கொண்ட குழு, அவ்வளவுதான். படத்துக்கு முன்னால் 'ஸ்ட்ராங் லாங்குவேஜ்' என்று போட்டால் வசனத்தில் கெட்ட வார்த்தை உண்டு என்று பொருள்.

உச்சரிப்பில் ஒன்று: ஸ்ட்ராங்கில் (strong) கடைசி 'g' தனியாக ஒலிக்காது, ஸ்ட்ராங்கரில் (stronger) ஒலிக்கும்.