ஏரி மதகு பழுதானால் யாரிடம் மனு கொடுப்பது?

மதகு ஒழுகுகிறது, ஒன்றிய அலுவலகமும் நீர்வளத்துறையும் மாற்றி மாற்றி அலைய விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இதை ஆயக்கட்டுதான், அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்புதான் தீர்மானிக்கிறது. 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் பாயும் ஏரி நீர்வளத்துறையுடையது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. 2021 வரை பெரிய ஏரிகளைப் பொதுப்பணித்துறை பார்த்ததால், ஊரில் இன்னும் ‘பி.டபிள்யூ.டி. ஏரி’ என்றே சொல்வார்கள்.

சரி, மனுவில் ஏரியின் சர்வே எண், ஆயக்கட்டு, எந்த மதகு என எல்லாவற்றையும் எழுதுங்கள். மதகைத் திறந்து மூடும் திருகுக் கம்பி துருப்பிடித்து, அடைப்புப் பலகை தரையில் உட்காராமல், மண் சாக்கு வைத்து அடைத்திருக்கிறீர்களா? அதைப் படமெடுத்து இணையுங்கள். வெறுமனே ‘மதகு சரியில்லை’ என்று எழுதினால் மனு நகராது. அப்புறம், வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்றால் தாசில்தாரிடம் தனி மனு கொடுங்கள்.