பற்றாத ரவிக்கைக்காகப் புடவையைப் பூட்டி வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பருத்துவிட்டது. கல்யாணப் பட்டு ரவிக்கை உட்பட, பற்றாமல் போன ரவிக்கைகளும் சுடிதார்களும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பல வருடங்களாக வைத்திருக்கிறேன். 'வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துப் பெட்டியைக் காலி செய்' என்கிறார் கணவர். வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? – ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: பெட்டியைத் திறந்து, ஒவ்வோர் உடையையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். நீங்கள் எப்போது இளைப்பீர்கள் என்பதற்கு உங்களாலும் விடை சொல்ல முடியாது, எங்களாலும் முடியாது. அந்த உடைக்குள் பிரித்துவிடத் துணி இருக்கிறதா என்பதற்கோ ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். துணி இருந்தால் அது இந்த வாரமே தையற்காரரிடம் போகட்டும். இல்லையென்றால் உடுத்தக்கூடிய வேறொருவரிடம் போகட்டும்.

அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கையில் பக்கத் தையலை ஒட்டி, நல்ல தையற்காரர் ஓர் அங்குலமாவது துணி விட்டு, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்பார். உடம்பை ஒட்டி ஓடும் உள்தையலைப் பிரித்தால், வெளித்தையல் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். முன்பாகம், பின்பாகம் என இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு ஓரங்கள் இருப்பதால், ஓர் ஓரத்துக்கு அரை அங்குலம் விட்டாலே சுற்றளவில் இரண்டு அங்குலம் கிடைத்துவிடும். பலருக்கு இந்த இரண்டு அங்குலம்தான் குறை. ஆனால் மார்புச் சுற்றை மட்டும் பிரித்துவிட்டு, கையையும் அக்குளையும் அப்படியே விட்டால் கையைத் தூக்கும்போது ரவிக்கை மேலேறிக்கொள்ளும். கைச்சுற்றையும் சேர்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே மடிந்திருந்த துணி வெயிலும் சோப்பும் படாததால் சற்று அடர்ந்த நிறத்தில் தெரியும், பட்டாக இருந்தால் பழைய தையலின் ஊசித் துளைகளும் வரிசையாகத் தெரியும். கைக்குக் கீழே மறைந்துபோகும் அந்தக் கோட்டுக்காக நல்ல ரவிக்கையை ஒதுக்க வேண்டியதில்லை.

சுடிதார்களில் பெரும்பாலானவை ஆயத்த உடைகளாக இருக்குமென்று நினைக்கிறேன். அவற்றின் ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருப்பார்கள். பிரிக்க ஒன்றும் இருக்காது. லெக்கிங்ஸைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றவும் முடியாது, ஏனென்றால் போட்டாலும் போடாவிட்டாலும் ரப்பர் இழை சில ஆண்டுகளில் தளர்ந்து உயிரை விட்டுவிடும். இவற்றைப் பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த ரவிக்கைகளுக்குரிய புடவைகள் எங்கே இருக்கின்றன? இதே கேள்வியைக் கேட்கும் பல பெண்களின் வீட்டில் அவை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. புடவைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி இருபது வயதிலும் அறுபது வயதிலும் ஒருவரையே சுற்றி வரும். பற்றாமல் போனது ஒரு மீட்டருக்கும் குறைவான ரவிக்கைத் துணி மட்டும்தான். அதற்காக, தறியில் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒருவர் நெய்து கொடுத்த காஞ்சிப் பட்டை வெளியில் எடுக்காமல் வைத்திருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. உடுத்தாத பட்டு புதிதாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மடிப்பு விழுந்த கோட்டிலேயே பட்டு விண்டுபோகும்; ஈரக் காற்றும் அந்துருண்டையும் பட்டால் சரிகை கறுத்துவிடும். உடுத்தி, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்த புடவைதான் நீண்ட நாள் வாழும்.

ஆகவே பிரித்துவிட முடியாத பட்டு ரவிக்கைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள். புடவையோடு நெய்து வந்த ரவிக்கைத் துணி மீண்டும் கிடைக்காது என்று தயங்க வேண்டாம். கரையின் நிறத்திலோ அதற்கு எதிர் நிறத்திலோ ராசில்க் துணி ஒரு மீட்டர் வாங்கினால் தாராளமாகப் போதும். பழைய ரவிக்கையின் கைக்கரை நன்றாக இருந்தால் அதைப் பிரித்தெடுத்துப் புதியதன் கையில் வைத்துத் தைக்கலாம்; அப்போது புடவைக்கும் ரவிக்கைக்கும் உறவு விட்டுப்போகாது.

இளைத்த பிறகு இந்த ரவிக்கைகள் வேண்டியிருக்குமே என்று கேட்பீர்கள். உடல் நலத்துக்காக எடையைக் குறைப்பது நல்லது, அதை மருத்துவரிடம் பேசித் தொடங்குங்கள். ஆனால் எடை பழைய இடத்துக்குத் திரும்பினாலும் உடலின் வடிவம் திரும்பும் என்பதில்லை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு விலாக்கூடு சற்று அகன்றபடியே நின்றுவிடுகிறது, நாற்பதுகளில் சதை இடுப்பைச் சுற்றிச் சேர்கிறது. இருபத்தைந்து வயது உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை, அதே எடையுள்ள வேறோர் உடம்புக்குப் பொருந்தாது. பிரசவமாகி ஓராண்டு ஆகாதவர்களும், மருந்தால் உடம்பு ஊதியிருப்பவர்களும் கட்டாயம் பொறுத்திருக்கலாம். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. திறக்கும்போதெல்லாம் உங்களைக் குறை சொல்லும் ஒரு பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, விசேஷத்துக்குப் போக உடை இல்லையென்று ஒதுங்கி நிற்பது நியாயமில்லை. இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு நல்ல உடை வேண்டும், அதுவும் இன்றைக்கே வேண்டும்.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கு வரும் அந்த அம்மாவுக்கு உங்கள் ரவிக்கையின் அளவுதான் என்று யார் சொன்னது? முதலில் அவரிடம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று மனம் நோகாமல் சொல்வதற்கு அவருக்கு இடம் கொடுத்துக் கேளுங்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது, நாடெங்கிலுமிருந்து நம் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கிழிசலும், அங்குள்ள மீனவப் பெண்கள் உடுத்தவே முடியாத உடைகளுமாக அவற்றில் எவ்வளவோ சாலையோரத்தில் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தன. தில்லியைச் சேர்ந்த கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பு பிறகு அவற்றை எடுத்துத் தரம் பிரித்து, பயன்படும் பொருள்களாக மாற்ற வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். வாங்குபவர் உடுத்துவாரா என்று மட்டும் யோசிக்கவில்லை. எனவே துவைத்து, அறுந்த கொக்கியைத் தைத்து, அளவு பொருந்தும் ஒருவருக்கு, நீங்களே வாங்கிக்கொள்ளத் தயங்காத நிலையில் கொடுங்கள். அக்குளில் வியர்வை பட்டு இற்றுப்போனதை யாருக்கும் கொடுக்காதீர்கள். பருத்தியாக இருந்தால் வீட்டில் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண ரவிக்கை ஒன்றை மட்டும், பற்றினாலும் பற்றாவிட்டாலும், நீங்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. புதிய ரவிக்கைகளைத் தைக்கக் கொடுக்கும்போது, உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். லைனிங் துணியையும் அதே அளவுக்கு விட வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் மேல்துணியைத் தாராளமாக விட்டுவிட்டு லைனிங்கை ஒட்ட வெட்டிவிடுகிறவர்கள் பலர். பிறகு பிரிக்க உட்காரும்போதுதான் அது தெரியவரும்.