நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முக்கோணம், சதுரம் போன்ற தள வடிவங்களை எப்படி அறிமுகப்படுத்துவது? வடிவப் படம் வாங்கிச் சுவரில் ஒட்டினால் போதுமா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். நானும் சுவர்ப்படத்தில்தான் தொடங்கினேன். போதாது என்று பட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் படங்களில் முக்கோணம் எப்போதும் அடிப்பக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், சதுரம் நிமிர்ந்தே நிற்கும். ஒரு நாள் சதுர அட்டையைச் சற்றுத் திருப்பிப் பிடித்ததும், அதுவரை சரியாகச் சொல்லிவந்த ஐந்து வயதுப் பையன் அதை ‘டைமண்ட்’ என்றான். குற்றம் அவனுடையதன்று. அந்த வயதில் பிள்ளைகள் பக்கங்களையும் முனைகளையும் எண்ணிப் பார்ப்பதில்லை, மொத்தத் தோற்றத்தை வைத்தே வடிவத்தை அடையாளம் காண்கிறார்கள் என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த கணித ஆசிரியர்களான வான் ஹீலே தம்பதியர் 1957லேயே தம் ஆய்வுகளில் விளக்கியிருக்கிறார்கள்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் காத்தாடியைச் சொல்லித் தர வேண்டியதில்லை (மாஞ்சா நூலுக்குத் தடை இருப்பதை மட்டும் சொல்லித்தான் ஆகவேண்டும்). செய்தித்தாள் ஒன்றை எடுத்து, ஒரு மூலையை எதிர் விளிம்போடு சேர்த்து மடித்து, மிஞ்சிய பட்டையைக் கிழித்துவிட்டுப் பிரித்தால் சதுரம் கிடைக்கும். அதைத் தரையில் நேராக வைத்து அந்தப் பையனிடம் பெயர் கேட்டேன், ‘சதுரம்’ என்றான். முனையைப் பிடித்துத் தூக்கினேன். ‘காத்தாடி!’ என்று கத்தியவன், மறுபடி தரையில் வைத்ததும் தானே விரலால் நான்கு முனைகளையும் தொட்டு எண்ணிப் பார்த்தான். திருப்பினால் வடிவம் மாறுவதில்லை என்பதை நான் வாயால் சொல்லவே இல்லை.

பெயருக்கு முன்பே ‘தட்டை’ என்பது புரிய வேண்டும். பந்தை வட்டம் என்று பழக்கிவிட்டால் பின்னால் திருத்துவது கடினம். கேரம் காயைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரையச் சொல்லி, பிறகு காயை எடுத்துவிடுங்கள்: கையில் இருப்பதற்குத் தடிமன் உண்டு, தாளில் இருக்கும் கோட்டுக்குள் வட்டம் மட்டுமே உண்டு. கேரம் பலகையிலேயே சதுரத்தையும் வட்டங்களையும் தேடச் சொன்னால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

அடுத்தது, துடைப்பத்து ஈர்க்குச்சியும் சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு ட்யூபும். சம நீளத்தில் ஒடித்த குச்சிகளின் முனைகளை ட்யூபுத் துண்டுகளால் இணைத்து ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் செய்து, அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கோணம் அசையாது; சதுரமோ சரிந்து சாய்சதுரமாகிவிடும். பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டும் சதுரமாகிவிடாது, மூலைகளும் நேராக நிற்க வேண்டும் என்பது அந்த ஒரு சரிவிலேயே விளங்கிவிடுகிறது. மூலையைச் சோதிக்க, எந்தக் கிழிந்த காகிதத்தையும் ஒரு முறை மடித்து, அந்த மடிப்புக் கோடு தன் மேலேயே படியும்படி இன்னொரு முறை மடித்தால் செங்கோணம் தயார். அதை எடுத்துக்கொண்டு ஜன்னல், கதவு, தரை ஓடு என்று பிள்ளைகள் வீடு முழுவதும் அளப்பார்கள்.

சரிவகம், இணைகரம் போன்ற பெயர்களுக்கு இப்போது அவசரமில்லை. ஆனால் ‘சதுரம் வேறு, செவ்வகம் வேறு’ என்று மட்டும் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். நான்கு பக்கமும் சமமாக அமைந்த செவ்வகமே சதுரம் என்று பெரிய வகுப்பில் படிக்கும்போது பிள்ளை குழம்பி நிற்கும்.