பாரிஸிலிருந்து ஒரே நாளில் லுவார் பள்ளத்தாக்கின் அரண்மனைகளைப் பார்த்துவிட முடியுமா?

முடியும், ஆனால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கைந்து என்று ஓடினால் வாகன நிறுத்துமிடங்களைத்தான் பார்ப்பீர்கள். என் தேர்வு ஷெனோன்சோ, ஷாம்போர்.

காலையில் ஷெனோன்சோ. அதிவேக ரயிலில் தூர் நகரம் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து உள்ளூர் ரயில். இறங்கினால் அரண்மனை வாசல் நடக்கிற தூரம்தான். ஷேர் ஆற்றின் மேலேயே நிற்கிற கட்டடம் இது. பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி இதைத் தன் காதலி டியானுக்குக் கொடுத்தார். ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டியவர் டியான். 1559-இல் மன்னர் இறந்ததும் அரசி காத்தரின் சும்மா இருப்பாரா? டியானை ஷோமோன் அரண்மனைக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடம் எழுப்பினார். தோட்டத்திலும் அதே போட்டிதான்: ஒருபுறம் டியானின் பெரிய தோட்டம், மறுபுறம் காத்தரினின் சிறிய தோட்டம். இரண்டாம் உலகப்போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடு; கூடத்தின் ஒரு முனை ஜெர்மானியர் பிடித்திருந்த பகுதி, மறுமுனை அப்படியல்ல.

அப்புறம் ஷாம்போர். 1519-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கியது. இங்கே நடுவிலுள்ள இரட்டைச் சுழல் படிக்கட்டை விட்டுவிடாதீர்கள். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, ஜன்னல் வழியே முகம் தெரியும். ஆனால் எதிரெதிரே சந்திக்கவே மாட்டார்கள். குழந்தைகளோடு போனால் அரை மணி நேரம் இங்கேயே போய்விடும். சுற்றியுள்ள காட்டுக்கு 32 கிலோமீட்டர் மதில். முழுவதும் நடக்க நினைக்காதீர்கள்.

இரண்டையும் இணைக்கப் பொதுப் போக்குவரத்து சரியில்லை. அதனால் உள்ளூர் ரயிலுக்குப் பதிலாகத் தூரிலேயே வாடகைக் கார் எடுத்துவிடுவது நல்லது.