பெயரைச் சுருக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம், ஊரில் சிவில் எஞ்சினியர், ரெசுமேயில் பெயரைச் சுருக்கினால் இன்டர்வியூ வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, குளிர் உடுப்பு எல்லாம் ஸ்காபரோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெயர் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

வரும். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஒருவரின் 2009 ஆய்வில், கனடாவிலேயே படித்து வேலை செய்தவர்களிலும் ஆங்கிலப் பெயர் என்றால் நூற்றுக்கு 16 அழைப்பு; இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர் என்றால் 11. ஆனாலும் சுருக்காதீர்கள்.

நான் 1996இல் வந்தவன். இரண்டு வருஷம் பிளாஸ்டிக் ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட். போன இடமெல்லாம் "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்ற ஒரே கேள்வி. வேலை தராவிட்டால் அது எங்கேயிருந்து வரும்? இன்று அந்த மதில் கொஞ்சம் இடிந்திருக்கிறது. எஞ்சினியர் லைசென்ஸுக்கு ஒரு வருஷக் கனடிய அனுபவம் வேண்டும் என்ற விதியை இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் 2023இல் எடுத்துவிட்டார்கள். அதனால் ஃபாக்டரியில் காலம் கடத்தாமல் இப்போதே விண்ணப்பியுங்கள். ஊரில் பார்த்த சைட் வேலையை ஒரு வரிகூட மறைக்காதீர்கள்.

பெயரை வெட்டச் சொன்னது வெள்ளைக்காரர் இல்லை, எங்கள் ஆட்கள்தான். லிஃப்டில் தமிழில் கதைத்தால் முகத்தைத் திருப்பும் ஆட்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டு ஒன்பது எழுத்துப் பெயரை மூன்றாக்கினேன். வேலையும் கிடைத்தது.

ஒருநாள் அப்பா கொழும்பிலிருந்து ஆபீசுக்கு போன் எடுத்து, எனக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டார்கள். மகனுக்கு வேலை போய்விட்டதென்று அம்மா இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை.

அடுத்த திங்கள் முழுப்பெயரையும் ஒரு துண்டில் எழுதி, எங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று கோடு போட்டு, ரிசெப்ஷன் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதை டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பிறகு அப்பா எடுத்தபோது, "ஒன் மொமென்ட், சேர்" என்று அவளே லைனைத் தந்தாள்.