மீந்த உணவைக் கொதிக்க வைத்தால் தீவனமாகிவிடுமா?

கேள்வி: பக்கத்து உணவகத்தில் தினமும் மீந்ததைத் தருகிறார்கள். என்னிடம் மாடு, பன்றி, கோழி மூன்றும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அவ்வளவுதான். அதற்காக அதை விட்டுவிடவும் கூடாது. 2001-ல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோய், சரியாகக் காய்ச்சாத உணவுக் கழிவைப் போட்ட ஒரு பன்றிப் பண்ணையில்தான் தொடங்கியது என்பது விசாரணையில் வந்த முடிவு. 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றார்கள். சமையலறைக் கழிவைப் பண்ணை விலங்குகளுக்குப் போடுவது இன்று அங்கே சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இறைச்சி கலந்த கழிவைப் பன்றிக்குக் கொடுக்க உரிமம் வேண்டும்; 100 டிகிரியில் 30 நிமிடம் காய்ச்சவும் வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று கால்நடை மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

அனுமதி உண்டு என்றாலும், மாட்டுக்கு இந்தக் கலவை வேண்டவே வேண்டாம். செத்த, வெட்டிய மாட்டின் இறைச்சி, எலும்பு மிச்சத்தை மாட்டுக்கே தீவனமாக்கியதில் பரவியதுதான், மூளையைத் தாக்கும் பித்து மாட்டு நோய் (Mad Cow Disease). அதை உண்டாக்கும் புரதம் கொதிநீருக்கு அழியாது. இறைச்சி இல்லாவிட்டாலும் சோறும் ரொட்டியும் திடீரென நிறைய உள்ளே போனால் முதல் வயிற்றில் அமிலம் ஏறி, மாடு படுத்துவிடும். இறைச்சி படாத காய்கறித் தோல், கீரைத் தண்டு இவற்றைத் தனியாக வாங்க முடிந்தால், அதை மட்டும் அளவாகக் கொடுங்கள். வெங்காயம் அதில் அதிகம் சேரக் கூடாது, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

அப்புறம் பூஞ்சை. பூத்த ரொட்டியைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பூஞ்சை சாகும், ஆனால் அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்படியே இருக்கும். கோழியின் ஈரலைக் கெடுக்கும், கறவை மாடு தின்றால் பாலிலும் வரும். பூத்ததைக் குப்பைக்கே அனுப்புங்கள்.

உப்பும் காய்ச்சினால் போகாது. பன்றிக்கும் கோழிக்கும் குடிநீர் எந்நேரமும் இருக்க வேண்டும்; தண்ணீர் குறைந்தால் உப்பே நஞ்சாகும்.

ஆகவே உங்கள் வேலை அடுப்பில் அல்ல, உணவகத்தின் சமையலறையில் தொடங்குகிறது. இரண்டு வாளி கொடுத்து வையுங்கள்: நறுக்கிய காய்கறிக் கழிவுக்கு ஒன்று, தட்டில் மீந்ததற்கு ஒன்று. பல்குச்சி, பிளாஸ்டிக், கம்பித் துண்டு எதுவும் விழக் கூடாது என்று அங்கே வேலை செய்பவர்களிடம் நேரில் சொல்லுங்கள். கம்பி மாட்டின் வயிற்றைக் குத்தி இதயம் வரை போகும்.

மீந்த உணவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். 10 கிலோ போட்டாலும் உள்ளே போவது இரண்டரை கிலோ தீவனம்தான் என்று கணக்கு வையுங்கள். வழக்கமான தீவனத்தை நிறுத்தாமல், சிறிதளவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். அன்றன்றைக்கு வந்ததை அன்றே முடித்துவிடுங்கள்.